ஒரே ஒரு சிவப்பு

மொட்டைமாடி முழுக்க நீல விளக்குகள். ஒன்றே ஒன்று மட்டும் சிவப்பு. அது அவள் கணவன் தலையில் எரிந்துகொண்டிருந்தது.

அந்த ஓட்டல் மாடியில் ஞாயிறு மாலைகளில் நடனம் உண்டு, சத்தம் கிடையாது. பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் சண்டைக்கு வந்ததிலிருந்து இந்த ஏற்பாடு. வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு ஹெட்போன். இரண்டு டீஜேக்கள் எதிரெதிர் மேடையில் ஒரே நேரத்தில் பாட்டு போடுவார்கள். பட்டனை அமுக்கி யாருடைய பாட்டைக் கேட்கிறோமோ, அவருடைய நிறம் ஹெட்போனில் எரியும்.

அந்த இருவரில் அவளுக்கு நீலம். எதிர் மேடைக்காரருக்குச் சிவப்பு. தொழிலில் அவருக்கு 'இடி' என்று பெயர். ஒரு காலத்தில் அவர் பாட்டுக்கு ஆடாத கல்லூரி கிடையாது.

ஒருவருடைய நிறம் மாடியில் அடியோடு அணைந்துவிட்டால் மேனேஜர் அந்தச் சேனலை அப்போதே மூடிவிடுவார். மறுவாரம் கூப்பிட மாட்டார். இன்றைக்கு அதற்கும் மேலே ஒன்று இருந்தது. ஓட்டல்காரர்கள் புதிதாகத் திறக்கப்போகும் பெரிய அரங்கத்துக்கு இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள். மேனேஜர் படிக்கட்டின் உச்சியில் நின்று நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தானே உருவாக்கிய புதுப் பாட்டை எடுத்துவிட்டாள். சிவப்புகள் ஒவ்வொன்றாக நீலமாயின. கடைசியில் மிஞ்சியது மூலை நாற்காலியில் ஒன்றுதான்.

'பட்டனை அமுக்குங்க' என்று மேடையிலிருந்து சைகை காட்டினாள்.

அவன் சிரித்துக் கையசைத்தான். சிவப்பிலேயே தலையாட்டிக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் மேனேஜர் நேராக அவளிடம்தான் வந்தார். "புது அரங்கம் உங்களுக்குத்தான் மேடம். இடி சார் வழக்கம்போல இங்கேயே போடட்டும். ஒரு விளக்கு கடைசிவரைக்கும் நின்னுச்சு, தப்பிச்சார்."

அவர் போகும்வரை காத்திருந்துவிட்டு அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, பட்டன் எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்." அவன் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"அப்புறம்?"

"அவர் பாட்டும் நல்லாத்தான் இருந்துச்சு."

"பத்து வருஷமா அதே பாட்டு!"

"அதான் நல்லது. தெரிஞ்ச பாட்டுக்குத் தலையாட்டறது சுலபம்."

"உங்க குறட்டையைப் பதிவு பண்ணி, அதுல தாளம் கட்டி, இத்தனை பேரை ஆட வெச்சேன். குறட்டைக்குச் சொந்தக்காரர் மட்டும் எதிர்க்கடையில உட்கார்ந்திருக்கார்!"

"குறட்டையா? புயல் சத்தம்னு சொன்னியே?"

"புயல்தான். தினமும் அடிக்குதே."

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"விளையாட்டு இல்லீங்க. என் பொழைப்பே இன்னிக்கு நிறத்துல இருந்துச்சு. இன்னிக்குப் பார்த்தா அவருக்குப் போய் உட்காருவீங்க?"

"உனக்குத்தான் மாடி பூரா இருந்தாங்களே. நானும் மாறியிருந்தா அவரை அப்பவே இறக்கி விட்டிருப்பாங்க."

"அவரைப் பத்தி உங்களுக்கென்ன?"

அவன் அடுத்த வயரை எடுத்துச் சுருட்டினான். அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் முதல்முதலா இங்கே வந்த அன்னிக்கு ஞாபகம் இருக்கா? மாடி முழுக்கச் சிவப்பு. அப்ப அவர் ராஜா. மூலையில ஒரே ஒரு நீலம். இருட்டுல முகம் தெரியலை. ஆனா என் புருஷன் உட்கார்ந்திருக்கார், அது போதும்னு நினைச்சுக்கிட்டேன். கடைசிவரைக்கும் போட்டேன். அந்த விளக்கு இல்லேன்னா அன்னிக்கே என்னை அனுப்பியிருப்பாங்க. அதே விளக்கு இன்னிக்கு இன்னொருத்தருக்கு எரிஞ்சா எனக்கு எப்படி இருக்கும்?"

அவன் சுருட்டிய வயரைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கு அது நான் இல்லை."

"என்னது?"

"வழியில வண்டி நின்னுபோச்சு. நான் ஓடி வர்றப்ப நீ கடைசிப் பாட்டுல இருந்தே. மூலையில ஒரு அம்மா நீல ஹெட்போனோட உட்கார்ந்திருந்தாங்க. மூச்சு வாங்க நின்னு உன்னையே பார்த்துக்கிட்டிருந்தேன். நான் யாருன்னு புரிஞ்சுக்கிட்டாங்க போல. கழட்டி என் தலையில மாட்டிவிட்டாங்க. 'நீங்கதான் ஆரம்பத்துலருந்து இருந்தீங்கன்னு நினைச்சுக்கட்டும் தம்பி, அந்தப் பொண்ணுக்குச் சந்தோஷமா இருக்கும்'னாங்க. நீ ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டே. அதுக்கப்புறம் எனக்குச் சொல்ல வாய் வரலை."

"யாருங்க அவங்க?"

அவன் அவளைக் கைப்பிடிச் சுவருக்கு அழைத்துப் போனான்.

கீழே இடி தன் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். முன் இருக்கையில் காத்திருந்த அவர் மனைவி தலையை வெளியே நீட்டி, "இன்னிக்கு நமக்கு யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டது மேலே வரை கேட்டது.

"முட்டி வலி வந்ததுலருந்து அவங்களால மாடி ஏற முடியறதில்லை," என்றான் அவன். "அதான் நான் உட்கார்ந்தேன்."