முரசு முழங்க

சரணடைவதென்றால் மதில்மேல் ஏறி நின்று முரசடிக்க வேண்டும், எதிரியின் பீரங்கிகள் ஓயும்வரை. அதற்குள் அடிப்பவன் சுடப்பட்டு விழுந்தால் அடுத்த முரசுக்காரனை ஏற்ற வேண்டும். படையின் விதி அது.

அடுத்த முரசுக்காரன் இல்லை. ஆகஸ்டில் அவன்மேல் ஒரு குண்டு விழுந்தது. அவனும் இல்லை, அவன் முரசும் இல்லை.

மீதி இருந்தது மத்துரேன். ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருடம் பிரெஞ்சு ராஜாவுக்காக அடித்தவன்.

"போய் அடிய்யா, சரணடையறோம்னு," என்றார் கேப்டன் துவெர்னே.

"இந்தச் சத்தத்துல யாருக்குங்கய்யா கேக்கும்? பேசாம ஒரு வெள்ளைத் துணிய ஆட்டிப் பாக்கலாமே."

கேப்டன் கொடிக்கம்பத்தைக் காட்டினார். பிரெஞ்சு ராஜாவின் கொடியே வெள்ளைதான். இரண்டு மாதமாக அதைக் குறிபார்த்துத்தான் இங்கிலீஷ்காரர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிலவறைக் கூரை இன்னும் நாலு குண்டு தாங்காது. உள்ளே காயம்பட்டவர்கள் முப்பத்தேழு பேர். அவர்களுக்கு எதையாவது வேகவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மத்துரேனின் மனைவி பெரினும் அங்கேதான் இருந்தாள்.

மத்துரேன் முரசை மாட்டிக்கொண்டு ஏணியை நோக்கி நடந்தபோது, பெரின் அகப்பையோடு வாசலுக்கு வந்தாள்.

"கையை நல்லா ஓங்கி அடி. கேக்காட்டிப் போகுது, பாக்கிறவனுக்காவது புரியணும்," என்றாள். பிறகு அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

அவன் ஏறினான்.

முதல் குண்டு தலைக்கு மேலே போயிற்று. இரண்டாவது காலடியில் மண்ணை வாரி அடித்தது. பயமாகத்தான் இருந்தது. கால்சட்டை நனைந்துவிட்டது, அதை மறைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

கைகளில் மட்டும் தாளம் தப்பவில்லை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி ஒற்றை அடி, இரட்டை அடி, உருட்டு, மறுபடி ஒற்றை. கேட்காது என்று தெரிந்தும் ஒரு அடியைக்கூட அவன் விடவில்லை.

எதிரே மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒருவன் கை நீட்டி அவனைக் காட்டினான்.

ஒரு பீரங்கி ஓய்ந்தது. இன்னொன்று. மொத்தம் ஆறு. மத்துரேன் எண்ணிக்கொண்டே அடித்தான். ஐந்தாவது ஓய்ந்தபோது அவனுக்குப் பயம் குறையவில்லை, கூடியது.

ஆறாவது பீரங்கியின் எதிரொலி கோட்டைக்குப் பின்னாலிருந்த ஏரியில் அடங்குவதற்குள் குச்சிகளை இடுப்பில் செருகிவிட்டான்.

"என்னய்யா, பட்டுனு நிறுத்திட்ட?" என்றார் கீழேயிருந்து கேப்டன்.

"ஓயும்வரைதானுங்களே விதி."

கொஞ்ச நேரத்தில் இங்கிலீஷ் அதிகாரி ஒருவர் கோட்டை வாசலுக்கு வந்தார். பிரெஞ்சைப் புத்தகத்தில் படித்தவர் போலிருக்கிறது.

"ஒவ்வொரு அடியும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது," என்றார் மத்துரேனிடம். "அருமையான முரசு. கன்றுத்தோலா?"

"அசல் கன்னுக்குட்டித் தோல்," என்றார் கேப்டன், தானே உரித்தது போல.

மத்துரேன் தொப்பியைக் கழற்றி முரசின்மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மரியாதையாகத் தலைகுனிந்து நின்றான்.

"பக்கத்திலிருந்து ஒருமுறை கேட்கலாமா?"

"ரெண்டாந்தரம் அடிச்சா, சரணடைஞ்சதை வாபஸ் வாங்கிட்டதா அர்த்தம் ஆயிடும்ங்கய்யா."

அப்படி ஒரு விதி எந்தப் படையிலும் கிடையாது. ஆனால் இரண்டு அதிகாரிகளுமே பதறிப்போய் வேண்டாம் என்றார்கள். தனக்குத் தெரியாத விதி ஒன்று இருப்பதாக இருவரில் ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

பேச்சுவார்த்தை இரண்டு மணி நேரம் நடந்தது. கேப்டன் பீரங்கிகளைக் கொடுத்தார். வெடிமருந்தைக் கொடுத்தார். கோட்டையைக் கொடுத்தார். குதிரையைக் கொடுக்க முடியவில்லை, அதை ஜூலையிலேயே சாப்பிட்டாயிற்று.

வெளியே வந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"காயம்பட்டவங்களுக்கு இன்னைக்கே ரொட்டி வந்துடும். யாரும் கைதியில்ல. நாளைக்குக் காலையில நாம முரசு முழங்கத் தலை நிமிர்ந்து வெளியேறலாம். முதல் ஷரத்தே அதுதான்! ரெண்டு மணி நேரமும் அந்த ஒண்ணுக்குத்தான் மல்லுக்கட்டினேன்," என்றவர் மத்துரேனின் தோளைத் தட்டினார். "ரெண்டு ராஜாவோட படையும் கேக்கப் போகுது. மானத்தைக் காப்பாத்திடு."

"ஆகட்டுங்கய்யா."

மத்துரேன் நிலவறைக்கு இறங்கிப் போனான். பெரின் ஓடிவந்து அவன் தலை, தோள், கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன குடுத்தாங்களாம்?" என்று கேட்டாள்.

அவன் சொன்னான்.

பெரின் முரசைப் பார்த்தாள். மத்துரேன் அதன் மேலிருந்த தொப்பியை எடுத்தான். மரச்சட்டத்தின் வழியாகத் தரை தெரிந்தது.

மேல்தோல் ஞாயிற்றுக்கிழமை வெந்தது, கடைசிப் பிடி பட்டாணியோடு. கீழ்த்தோல் வியாழக்கிழமை. படுத்திருந்த முப்பத்தேழு பேருக்கும் ஆளுக்கு ஒரு கிண்ணம் சூப்.

கேப்டன் மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தார்.