மரியாதை தெரியாத நாய்

“வெறிநாய வூட்ல வெச்சிக்கினு...”

“அதுக்கு வெறி ஒண்ணும் இல்லீங்க...”

“வாய மூடுடி! தபால்காரனப் பாத்து வால ஆட்டுது, சோறு போடற என்னைக் கடிக்குது!” கட்டுப் போட்ட வலக்கையை ஆட்டிக் கத்தினான் பகலவன். மீனா நாயின் சங்கிலியை விடவில்லை.

வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அவள் அண்ணன் தர்மனுக்கு ஒன்றும் புரியவில்லை.

“மலையில கைக்குழந்தை வால இழுத்தாகூட சும்மா இருக்குமே, மாப்ள! கல்யாணத்துக்கு அப்புறம் இவகூட கள்ளக்குறிச்சி வந்ததும் இன்னா ஆச்சு இதுக்கு?”

“பைத்தியம் ஆயிடுச்சு. இன்னிக்கே இட்டுக்கினு போ மச்சான். இல்ல, விஷம் வெச்சிடுவேன்.”

தர்மன் யோசித்தான். “சாமைக் காட்டுல பன்னி பூந்தா ‘புடி’ம்போம். உடனே பாயும். அந்த ஒரு வார்த்தைதான் இதுக்குப் பழக்கம். ஏம்மா மீனா, மாப்ளைக்குக் காபி குடுக்கறப்ப ‘இந்தா, புடி’ங்கிறியா?”

“எப்படிச் சொல்லுவா?” பகலவன் சீறினான். “‘புடிங்க’ன்னுதான் சொல்லுவா. புருஷனுக்கு மரியாதை குடுக்க எங்கம்மா கத்துக்குடுத்திருக்காங்க.”

“‘புடிங்க’ன்னா இது அசையவே அசையாது, மாப்ள. மொட்டையா ‘புடி’ன்னு சொன்னாதான்...”

தர்மன் பாதியில் நிறுத்தினான். தங்கையின் கன்னத்தில் வீங்கியிருந்த விரல் தடங்களை அப்போதுதான் பார்த்தான்.

“நீயாம்மா சொன்ன?”

மீனா கணவனை நேராகப் பார்த்தபடியே சொன்னாள்.

“அடிக்கக் கை ஓங்கறவனுக்கு ‘ங்க’ எதுக்குண்ணா?”