முதல் குழி

ஒரகடத்து வாடகை அறையில் இசக்கிபாண்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கையடக்க வீடியோ கேமில் அதே பொம்மையை அதே முதல் குழியில் விழவைத்துக்கொண்டிருந்தான்.

"மொக்க கேமுன்னு நீங்களே சொன்னிய. பெறவு எதுக்கு ஒரு வாரமா இதையே ஆடுதிய? அதுல எவளுக்கும் மெசேஜ் போகுதா?" என்றாள் மனைவி செல்லக்கனி.

"நீ சும்மா இரு."

அவள் வெடுக்கென்று பிடுங்கினாள். பட்டனில் ஒரே அமுக்கு. பொம்மை குழியைத் தாண்டிவிட்டது.

"இதத் தாண்டவா ஒரு வாரம்? எங்கிட்ட எதையோ மறைக்கிய!"

அவன் வலது கட்டைவிரலை நீட்டினான். தையல் பிரித்த தழும்பு மட்டும்தான் இருந்தது. ஆனால் விரல் மடங்கவில்லை.

"சரியாயிட்டுன்னு பொய் சொன்னேன். திங்கக்கிழமை கம்பெனி டாக்டர்கிட்ட மடக்கிக் காட்டணும். இல்லன்னா திரும்ப வேலைக்கு லைன்ல ஏத்த மாட்டாவ."

செல்லக்கனி ஆட்டத்தை மறுபடி முதல் குழிக்குக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள்.