மூன்றாவது பெஞ்சின் சிரிப்பு

மாதா கோயிலில் சாமியார் வேடிக்கையாக எதையாவது சொன்னால், காது கேளாதவர்கள் உட்காரும் மூன்றாவது பெஞ்சு மட்டும் சற்றுப் பிந்திச் சிரிக்கும். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு அது. அந்த பெஞ்சுக்காரனான இஞ்ஞாசியைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அமலோற்பவம் சைகை மொழி கற்றாள். நான்கு வருடமாகியும் அதே பெஞ்சில் உட்காரும் வியாகுலம் அக்கா அவளைக் கையாலேயே கேலி செய்வாள்: "எங்க பாஷை உனக்கு விரலோட நிக்குது. வாய்ப்பேச்சு, கைப்பேச்சு ரெண்டும் ஒருத்திக்கு முழுசா வராதுடி."

இன்று முதல்முறையாகப் பிரசங்கத்தைச் சைகையில் சொல்லப் பீடத்தருகே நின்றாள். "இதுவும் புரியலைன்னா இனி நான் பூசைக்கு வரலை" என்று இஞ்ஞாசி சொல்லியிருந்தான்.

சாமியார் நோவாவின் பேழைக்கு வந்தார். "மழை பிடிச்சிருச்சு. எல்லா மிருகமும் ஏறியாச்சு. நத்தை மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. நோவா கதவைச் சாத்தாம நின்னாரு."

கூட்டம் கொட்டாவி விட்டது.

அமலோற்பவத்தின் வலது கை, இரு விரல் கொம்பாக, நத்தையாகி இடது முழங்கையிலிருந்து ஊர்ந்தது. பாதி வழியில் நின்று, நனைந்த கொம்புகளைச் சாவகாசமாகத் துடைத்துக்கொண்டது. கதவாகிவிட்ட இடது உள்ளங்கை, குளிரில் நடுங்கியபடி திறந்தே இருந்தது.

மூன்றாவது பெஞ்சு குலுங்கிச் சிரித்தது. இஞ்ஞாசி யார் முகத்தையும் பார்க்கவில்லை. வியாகுலம் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கோயில் மொத்தமும் திரும்பி அவர்கள் முகத்தைப் பார்த்தது. பிறகு, சற்றுப் பிந்தி, அதுவும் சிரித்தது.

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை அமலோற்பவம் கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.