திரும்பக் கட்டிய கயிறு

எஞ்சின் நின்றுபோன இன்னாசியின் நாட்டுப்படகை நீரோட்டம் விடிவதற்குள் எல்லைக்கு அப்பால் இலங்கைக் கடலுக்குள் இழுத்துப் போயிருந்தது. வெயில் ஏறிய பிறகு அந்தப் பக்கத்துக் கரையிலிருந்து ஒரு சிறிய படகு வந்தது. அதில் தனியாக இருந்தவர் தன் பெயர் மரியநேசன் என்றார். இன்னாசியின் வலையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“போன கிழமை உங்கட இழுவைப்படகுகள் வந்து என்ர வலையெல்லாத்தையும் அறுத்துக்கொண்டு போட்டுதுகள். நீரும் அதில போறனீரோ?”

“நான் போறதில்லண்ணே” என்றான் இன்னாசி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது வாங்கக் கை வரவில்லை. “என் மச்சான் போறாரு. அவரு கொண்டாந்த மீனை நானும் தின்னுருக்கேன்.”

மரியநேசன் பாட்டிலை அவன் கையில் திணித்தார். “முதல்ல தண்ணியக் குடியும்” என்றார். பிறகு கயிற்றைக் கட்டி இழுக்கத் தொடங்கினார்.

எல்லை வந்துவிட்டதை ஜிபிஎஸ் கருவியில் பார்த்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டார். நீரோட்டம் படகை மறுபடியும் அவரிடமே தள்ளிக்கொண்டு வந்தது. அவர் கயிற்றைத் திரும்பக் கட்டி, இன்னாசியின் பக்கத்துக் கடலுக்குள் நுழைந்தார். தூரத்தில் இந்திய ரோந்துக் கப்பல் ஒன்று அவர்களை நோக்கித் திரும்பியது.

இன்னாசி பதறினான். “கயித்த விட்டுட்டுப் போயிருங்கண்ணே. உங்களப் பிடிச்சிருவாங்க.”

மரியநேசன் சுக்கானிலிருந்து கையை எடுக்கவில்லை.

“கொஞ்சம் பொறும் தம்பி. இதில விட்டா நீர் திரும்ப எங்கட பக்கந்தான் வருவீர்.”