ஆந்தைக் காசின் வெட்டு

"ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக் காசு மாமா. அதை உளி வச்சு வெட்டியிருக்கீங்க. ஏலக்காயத் தவிர உங்களுக்கு என்னதான் தெரியும்?"

போடியில் மாமனார் வீட்டுக் கூடத்தில் ஈஸ்வரன் கத்தினான். ஆந்தை பொறித்த கிரேக்க வெள்ளிக்காசு மேசைமேல் துணியில் சுற்றிக் கிடந்தது. அதை மருமகனிடம் வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாகத்தான் மொக்கச்சாமி தன் ஏலக்காட்டை எழுதித் தருவதாக இருந்தார்.

"தப்புதான் மாப்ளே. காட்டை அப்படியே எழுதித் தந்துர்றேன்."

அவர் மகள் சூர்யகலா அடுப்படியிலிருந்து வந்தாள். "வெட்டுனது நான். அப்பா எனக்காகத் திட்டு வாங்குறாரு."

"சரித்திரம் படிச்சவதானே நீ? புருஷன் பொருளையே கெடுப்பியா?"

"படிச்சதாலதான் வெட்டுனேன். அந்தக் காலத்து யாவாரிகளும் சந்தேகம் வந்தா இந்தக் காசை உளியால வெட்டிப் பாத்துட்டுத்தான் சரக்கைக் குடுத்தாங்க."

துணியைப் பிரித்தாள். வெட்டுவாய்க்குள் செம்பு சிவப்பாகத் தெரிந்தது. வெள்ளி வெறும் மேல்பூச்சு.

மொக்கச்சாமி குனிந்து பார்த்தார். ஈஸ்வரன் பார்க்கவில்லை. உள்ளே இருப்பது செம்பு என்று அவனுக்கு முன்பே தெரியும்.

"வாசல்ல ஜீப்பு நிக்குது," என்றார் மொக்கச்சாமி. "வெரசாக் கிளம்புங்க மாப்ளே. நீங்க மட்டும்."