எந்தப் பக்கம்

உலகப் பாட்டுப் போட்டியில் எல்லா நாடுகளும் பக்கத்து நாட்டுப் பாட்டுக்கே முழு மதிப்பெண்ணான பன்னிரண்டைப் போட்டன. சுற்றிலும் கடல் மட்டுமே உள்ள தீவிலிருந்து நடுவராக வந்திருந்த பவளக்கொடிக்கு அந்தச் சௌகரியம் இல்லை. இருபது வருடமாகப் பாட்டைக் கேட்டுத்தான் போடுகிறாள். அவள் தீவுக்கு யாரும் ஒன்றுகூடப் போட்டதில்லை. இந்த முறை, பூஜ்யத்திலேயே நின்ற ஒரு மலைநாட்டுப் பாடகிக்குப் பன்னிரண்டையும் கொடுத்தாள். முடிந்ததும் அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அக்கா, நீங்க எங்களுக்கு எந்தப் பக்கத்துல இருக்கீங்க?”

“பாட்டு நல்லா இருந்துச்சும்மா. அதான்.”

அவள் நம்பவில்லை. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, தன் நாட்டின் எல்லையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள்.

“சும்மா சொல்லுங்கக்கா.”

பவளக்கொடி கைபேசியை வாங்கி, திரையில் கடலின் நீலத்தைத் தள்ளத் தொடங்கினாள். தள்ளிக்கொண்டே இருந்தாள்.